பந்து எங்கே போய்க்கொண்டிருந்தது

நடுவராக இருப்பவனுக்குக் கொஞ்சம் காது மந்தமாக இருப்பது நல்லது ஐயா. ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பல வருடமாக விசில் ஊதுகிறேன். யார் எப்படித் திட்டினாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஜஸ்டின் விஷயத்திலும் வரவில்லை.

விதி சுலபமானது. ஒருவன் அடித்த பந்து எதிரணி ஆள்மேல் பட்டு உள்ளே போகிறது. படுவதற்கு முன்பு அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். கோலுக்குள் என்றால் அடித்தவன் கணக்கு. வெளியே என்றால் பட்டவன் கணக்கு, சேம் சைடு கோல். எங்கள் போட்டியில் அதை நடுவர்தான் சொல்ல வேண்டும்.

அரையிறுதியில் ராகேஷ் அடித்தது நேராக உள்ளேதான் போனது. காட்டுப்பாக்கம் அணியின் ஜஸ்டின் முழங்காலில் லேசாக உரசியது, அவ்வளவுதான். நான் மைக்கில் சொல்பவரிடம், "சேம் சைடு, ஜஸ்டின்" என்றேன். அதுவரை ராகேஷும், வேறு அணியில் ஆடும் என் மகன் கோகுல்நாத்தும் கோல் எண்ணிக்கையில் சமம். அதிகம் போட்டவனைத்தான் பெரிய கிளப் தேர்வுக்குக் கூப்பிடும். இறுதி ஆட்டத்தில் கோகுல்நாத் போட்ட கோல் அவன் சொந்தக் காலால் போட்டது. நான் எதையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

மறுவாரம் காலையில் ஜஸ்டின் என்னை வேப்பம்பட்டு ஸ்டேஷனில் பிடித்துக்கொண்டான்.

"என் கால்ல பட்டது மெய்தான் சார். பந்து உள்ளதான போயிகினு இருந்துச்சு? நான் துட்டு வாங்கிகினு சேம் சைடு போட்டு தோக்க வெச்சேன்னு ஏரியாவே பேசுது. அம்மா வெளிய தல காட்ட முடில. மைக்ல ஒரு வார்த்த சொல்லு சார், போதும்."

"நடுவர் சொன்னது சொன்னதுதான்ப்பா."

"அப்போ கமிட்டில மேட்ச் வீடியோவ காட்றேன். உன் புள்ள மேட்டரும் வெளிய வரும்."

நல்ல பையன். எனக்கு அவனைப் பிடிக்கும். பிளாட்பார விளிம்பில் நின்றிருந்தான், நிற்காத வண்டி வந்துகொண்டிருந்தது. என் கை அவன் தோளில் பட்டது. அந்த இடத்தில் நிற்பவன் எப்படியும் விழக்கூடியவன்தான்.

கை படுவதற்கு முன்பு அவன் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சரியான கேள்வி, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். படிக்கட்டுப் பக்கம் ஐயா. வண்டியின் ஹாரன் கேட்டதும் விளிம்பை விட்டு விலகி நடக்க ஆரம்பித்திருந்தான். தண்டவாளத்துப் பக்கம் தள்ளியது நான்தான்.

கோகுல்நாத்துக்குத் திங்கட்கிழமை தேர்வு. அதுவரை உங்கள் ரிப்போர்ட்டில் ஜஸ்டின் தானாக விழுந்தான் என்றே இருக்கட்டும்.