மிதிகயிறு

விடியற்காலை மூன்றேகால் மணி. நம் கப்பலிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை தெரியாத கடல்... நிலாவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கிட்ட வாருங்கள். இது என் மச்சானின் சித்தப்பாவுக்கு நடந்தது. சிரிக்கிறவன் இப்போதே சிரித்துக்கொள்ளட்டும்.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கடற்படையின் பயிற்சிக் கப்பலில் கேடட். மூன்று பாய்மரம், நடுமரம் மட்டும் நூறடி. பாயைச் சுருட்ட மேலே ஏறி, பாய் கட்டியிருக்கும் குறுக்குமரத்தில் வயிற்றைச் சாய்த்து, அதனடியில் தொங்கும் கயிற்றில் நிற்க வேண்டும். மிதிகயிறு. எல்லோருக்கும் ஒரே கயிறுதான். புதிதாக ஒருவன் கால் வைத்தால், ஏற்கெனவே நிற்பவனை அது வெடுக்கென்று தூக்கிப் போடும். அதனால் ஒரு விதி. கால் வைக்குமுன் "ஏறுறேன்!" என்று கத்த வேண்டும். நிற்பவன் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு "ஏறு!" என்ற பிறகுதான் ஏறலாம்.

அன்று முதலில் மேலே போனவன், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் இன்னொரு கேடட். பாய்மரம் ஏறும் போட்டியில் சித்தப்பாவைத் தோற்கடித்து, எல்லார் முன்னாலும் "போய் வெங்காயம் உரிடா" என்று மானத்தை வாங்கியவன். சித்தப்பாவுக்கு வயிற்றெரிச்சல். சும்மா பயமுறுத்தத்தான் நினைத்தாராம்... வாயே திறக்காமல், இரண்டு காலையும் சேர்த்துக் கயிற்றில் குதித்தார்.

ஒல்லியின் கால் நழுவியது. ஒற்றைக் கையில் தொங்கினான்.

"டேய்... கையக் குடுடா!"

சித்தப்பா கொடுக்கவில்லை. நனைந்த பாய் படார்... படாரென்று ஒல்லியின் முகத்தில் அறைந்தது. மூக்கு உடைந்தது. மூன்றாவது அறையில் பிடி விட்டது. போகிற வழியில் கீழ்க் குறுக்குமரத்தில் முதுகு மோதி, மளுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் தளத்தில் பொத்தென்று... தார் வாடையோடு ரத்த வாடையும் மேலே வரை வந்ததாம்.

விசாரணையில் கேப்டன் கேட்டார். "கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் சார். அவனும் 'ஏறு'ன்னான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் வேலையும் போய் ஜெயிலும் கிடைத்திருக்கும். பழி செத்தவன் தலையில் விழுந்தது. படுபாவி!

அவர் பெரிய அதிகாரியாகி, கல்யாணம் செய்து, ஓய்வும் பெற்றார். ஒரே ஒரு குறை. கட்டிலில் யாராவது சட்டென்று உட்கார்ந்தால் அலறுவார். அதனால் தினமும் விளக்கை அணைத்துவிட்டு, உட்காருமுன் சித்தி "ஏறுறேன்" என்பார். கண்ணை மூடியபடியே சித்தப்பா "ஏறு" என்பார். முப்பது வருஷமாக வீட்டில் அது ஒரு வேடிக்கை.

போன வருஷம் ஒரு ராத்திரி, அவர் படுத்த கொஞ்ச நேரத்தில், அறைக்குள் ஈரத்துணி அறைகிற சத்தம். படார்... படார்... படார். பிறகு மளுக்கென்று ஒன்று. பிறகு பொத்தென்று ஒன்று.

சித்தி ஓடிப்போய் விளக்கைப் போட்டார். கட்டிலின் உயரம் ஒன்றரை அடி. ஒரு பலகையில்கூட விரிசல் இல்லை. அதன்மேல் சித்தப்பா... மூக்கு உடைந்து, முதுகு ஒடிந்து, மண்டை பிளந்து கிடந்தார். அறை முழுக்கத் தார் வாடை.

"எந்த மாடியிலேருந்து விழுந்தாரு?" என்று கேட்டார் டாக்டர். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

சித்தி அழக்கூட இல்லையாம். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

"நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்... இன்னும் கூப்பிடவே இல்ல. உள்ளேருந்து அவரு 'ஏறு'ன்னாரு."