தப்பு என்னுடையதே என்று ஆடிய மவூசி

பூமாலை வருமுன்பே வந்து அமர்ந்துவிட்ட மதிப்புமிகு தலைவர் அவர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே முற்றுகையிட்டிருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையர்களே, இரவல் மடிக்கணினியோடு வந்திருக்கும் இளையோர்களே! ஹோ நகரத் திறந்தமூல நிரலாளர் கூட்டத்தில், எழுதியதைவிட அழித்தது அதிகமான இந்த எளியவனின் வணக்கம்!

நம் கூட்டத்து மவூசியின் நிரல் திருத்தம் உலகெங்கும் போகும் மென்பொருளின் புதிய பதிப்பில் சேர்ந்துவிட்டது, அதற்கே இவ்விழா. ஆனால், சேர்ந்த கதை தெரியுமா?

கணினிக்குள்ளே இன்னொரு கணினி. அதுதான் மெய்நிகர் கணினி. அது விழித்ததும் முதலில் ஓடும் நிரல் ஃபர்ம்வேர். அதில் மவூசி கைவைத்தாள். கணினி கண்ணே திறக்கவில்லை! "மாலைக்குள் காரணம் சொல்லுங்கள், இல்லையேல் உங்கள் திருத்தத்தை நீக்கிவிடுவோம்" என்று எழுதிவிட்டார்கள் திட்டப் பொறுப்பாளர்கள்.

திரையே வராத கணினியிடம் என்ன கேட்பது? பேச்சு வராத பிள்ளையிடம் வலி எங்கே என்றா கேட்பது? கருவிகள் உண்டு, இலவசம்தான். விளக்கம் கேட்டால் மட்டும், "எனக்கு ஓடுகிறதே!" என்று எங்கிருந்தோ ஒரு புண்ணியவான் பதில் போடுவார். சிரிக்கிறீர்கள்! அந்தப் புண்ணியவான் பலமுறை நான்தான்!

பிழைதேடும் கருவியில் "இங்கே நில்" என்று குறி வைத்தாள். நிற்கவில்லை. மறுபடி வைத்தாள். நிற்கவில்லை.

"அக்கா, கருவிதான் கோளாறு. உன் மேல தப்பே இல்ல," என்றான் கூட இருந்த செலோர்ம்.

"சும்மா ஐஸ் வைக்காதடா! இந்த நிரல் முழிச்சதும் நினைவகத்துல வேற இடத்துக்குக் குடி போயிடுது. நாம காலி வீட்டு வாசல்ல காவல் நிக்கிறோம்!"

"அப்போ புது விலாசம்?"

"அதையே சொல்ல வைக்கிறேன் பாரு."

போன இடத்தை அதுவே ஒரு பதிவுக் கோப்பில் எழுதிக்காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள். அந்த இடத்தில் குறி வைத்தாள். நின்றது! எங்கே நின்றது? யார் எழுதிய பிழையில் நின்றது? மவூசியே எழுதிய பிழையில்! குதித்தாள், கூவினாள், கூத்தாடினாள்!

அக்பிளே என்னும் சோளக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் கொண்டுவந்த உணவகத்து யாவா அத்தை வாசலிலேயே திகைத்துவிட்டார். "ஏண்டி, என்ன ஆச்சு?"

"தப்பு என்னுதுதான் அத்தை!"

"அதுக்கா இந்த ஆட்டம்? புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"அடுத்தவன் தப்புன்னா அவன்கிட்ட கெஞ்சணும், அவன் திருத்துற வரைக்கும் காத்துக் கிடக்கணும். என்னுதுன்னா, நீங்க தட்டை வைக்கிறதுக்குள்ள திருத்திடுவேன்!"

திருத்தினாள். கணினி கண் திறந்தது. மாலைக்குள் மடல் பறந்தது!

தோழர்களே! அது மூடிய பெட்டியாக இருந்திருந்தால், பழி நம் கைக்கு வந்திருக்கும், சாவி வந்திருக்குமா? திறந்த நிரல் நமக்குத் தந்தது என்ன? காசு மிச்சமா? இல்லை! கௌரவமா? அதுவும் இல்லை! நம் தப்பை நாமே தேடி, நாமே கண்டு, நாமே திருத்தித் தலைநிமிரும் உரிமை! அந்த உரிமை ஓங்கட்டும்!

இந்தப் பேச்சில் தப்பிருந்தால் அதுவும் முழுக்க என்னுடையதே என்று பெருமையோடு சொல்லி, பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்!