சவ்வாது மலையில் பலூன் ஏற்றிய தையலாசிரியை சுபைதா அம்மையாருக்கு

ஊசியும் நூலும் ஏந்தி வந்து உள்ளங்களையும் ஒன்றாய் இணைத்த உயர்குணத்தீர்! வாணியம்பாடியில் பிறந்து, சவ்வாது மலைப் பள்ளிக்குப் பதினெட்டு ஆண்டுகள் தையலாசிரியையாய்த் தொண்டாற்றி இன்று ஓய்வுபெறும் சுபைதா அம்மையாரே! வணங்கி மகிழ்கிறோம்.

தங்கள் பண்புகளை அடுக்க அடைமொழிகள் ஆயிரம் உண்டு. ஆயினும் 1955 தை மாதத்து நிகழ்ச்சி ஒன்றே போதும்.

இம்மடலை எழுதும் அறிவியலாசிரியன் ராஜவேலுவாகிய நான், அன்று எட்டாம் வகுப்பு மாணவரைக் கொண்டு காகிதப் பலூன் ஒன்று செய்தேன். அடியில் எரியும் பந்தத்தைக் கட்டிப் பறக்கவிட்டேன். அது சாய்ந்தது, பற்றியது, பக்கத்துக் களத்தில் சின்னதம்பியின் சாமைக் கதிர்ப்போர் மேல் விழுந்தது! பிள்ளைகள் குடம் குடமாய் நீரூற்றி அணைத்தும் போரின் ஓரம் கருகிற்று.

"படிக்க அனுப்புனா பயிர கொளுத்துறீங்களா? நாளையிலேர்ந்து எம்பொண்ணு வராது!" என்று சின்னதம்பி தம் மகள் செந்தாமரையை இழுத்துச் சென்றார். நான் களத்திலேயே நின்றுவிட்டேன்.

அஞ்சா நெஞ்சத்தீர்! தாங்களன்றோ அவர் பின்னே ஓடினீர்கள்! "தப்பு எங்களுதுதாங்க. மறுபடி ஒண்ணு செய்யறோம். நெருப்பு தரையிலயே இருக்கும், சூட்டுக்காத்து மட்டுந்தான் மேல போவும். நம்பிக்கை இல்லன்னா கவுற நீங்களே புடிங்க" என்றீர்கள்.

பாவாடைத் துணி வெட்டும் பக்குவத்தில் வண்ணத்தாளை நுனி குறுகி நடு விரியும் துண்டுகளாய் வெட்டச் செய்தீர்கள். கஞ்சிப்பசையால் இடைவெளியின்றி ஒட்டச் செய்தீர்கள். செந்தாமரையின் பங்குத் துண்டை மட்டும் எவரையும் தொடவிடாமல், நான்காம் நாள் அவள் வீட்டுக்கே நடந்து கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்!

மறுநாள் தந்தையும் மகளும் வந்தனர்; அந்தக் கடைசித் துண்டை அவளே ஒட்டினாள். சின்னதம்பி நேரே போய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். அடுப்பிலிருந்து தகரக்குழாய் வழியே வெங்காற்று ஏற ஏறப் பலூன் பருத்தது, நிமிர்ந்தது, புளியமரத்தைத் தாண்டியது!

"இழுக்குதும்மா! இன்னா பலம்!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எவரும் சொல்லாமலே கயிற்றை விட்டுவிட்டார். "போவட்டும்! எங்க வுழுதுன்னு பாத்துட்டு வா, ஓடு!" என்று மகளை விரட்டினார். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஆரவாரித்து ஓட, அவள் முன்னே ஓடினாள். அதன்பின் ஒருநாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. இன்று கலசப்பாக்கத்தில் அவளும் ஓர் ஆசிரியை!

பெருந்தகையீர்! தீ விபத்தை விசாரிக்க மேலதிகாரி வந்தபோதும் "தப்பு எங்களுது" என்பதற்கு மேல் தாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கள் வெளியிடாமல் காத்த என் பெயரை இன்று அவையறிய நானே சொல்லிவிட்டேன். இனி அந்தச் சுமை தங்களுக்கு வேண்டாம். இலேசாய் மலையிறங்குங்கள், நோயின்றி, குறையின்றி, நூறாண்டு சிரித்து வாழுங்கள்!

தங்கள் அன்பில் திளைத்த
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
சவ்வாது மலை, ஏப்ரல் 1967.