தையலம்மாள் தூக்கிய மணல் மூட்டை

அமுதம்: ...இன்னா அண்ணி, மூட்டைய எறக்கிட்டே? இன்னும் அஞ்சு தபா பாக்கி இருக்கு.

தையலம்மாள்: ஆவாதுடி. கனம் தாங்கல.

அமுதம்: நாளைக்கு அக்கரையில ஒம் பேரனுக்குத் தொட்டில் போடறாங்க. இன்னிக்குப் போயி ஆவாதுங்கறியே!

தையலம்மாள்: எம் பொண்ணு பவுனுக்குத் தலப்பிரசவம். நம்ம வூட்ல வச்சிப் பாத்திருக்கணும். காய்ச்சல்ல கெடந்து என் காலு குச்சியாப் போச்சு. ஆத்த எப்படித் தாண்டுவேன்?

அமுதம்: முட்டி அளவுத் தண்ணிதான...

தையலம்மாள்: தண்ணி இல்லடி, மணலு. கால வச்சா உள்ள வாங்குது.

அமுதம்: அப்ப அண்ணன் சொல்றாப்பல கட்டில்ல வச்சி நாலு பேரு தூக்கிகினு போவட்டும்.

தையலம்மாள்: செத்தவ மாதிரியா? நம்ம பிரெஞ்சு எல்லயத் தாண்டினா, அக்கரையில இங்கிலீஷ் சுங்கக்காரனே மால வாங்கிப் போடுவான்! அதுக்குப் போவாமலே இருக்கலாம்.

அமுதம்: அப்ப தூக்கு. மருந்து முடிஞ்சிது, இனிமே கனம் தூக்கி ஒக்காந்து எழுந்தாத்தான் சத தேறும்னு பாகூர் டாக்டரு சொன்னாரா இல்லியா?

தையலம்மாள்: சொன்னாரு. மூணு மாசமா இதே மூட்டை. மொத நாளு கனத்தாப்பலயே இன்னிக்கும் கனக்குது. தேறியிருந்தா லேசாயிருக்காதா?

அமுதம்: அது... வந்து...

தையலம்மாள்: இன்னா வந்து?

அமுதம்: இப்ப கெணத்துல தண்ணி சேந்தறது யாரு?

தையலம்மாள்: நான்தான்.

அமுதம்: தூணப் புடிக்காம எழுந்துக்கறியா?

தையலம்மாள்: எழுந்துக்கறேன்...

அமுதம்: முதுவு வலின்னு பொலம்புவியே?

தையலம்மாள்: நின்னு போச்சு. ஆனா மூட்டை?

அமுதம்: நேத்து நான் நடவுக்குப் போனப்ப தூக்குனியா? ஒம் புடவை ஓரமெல்லாம் மணலா இருந்துச்சே.

தையலம்மாள்: மூட்டை ஓட்ட. பேச்ச மாத்தாத. நான் வரல. தொட்டில நீயே எடுத்துகினு போ.

அமுதம்: ஐயோ அண்ணி, சொல்லிடறேன். திட்டாத. வெள்ளிக்கு வெள்ளி நீ குளிக்கப் போவச்சொல்ல, மூட்டைய அவுத்து அரப்படி மணல் போட்டுகினே வந்தேன். சொன்னா நீ பயந்துடுவேன்னுதான்... மொத நாளு ரெண்டு படி. இப்ப எட்டு!

தையலம்மாள்: எட்டா! கள்ளி... நீ மணல் போடறியோன்னு சந்தேகம், ஒன் வாயாலயே வரட்டும்னுதான் வரமாட்டேன்னேன். மூட்டை ஓட்டையுமில்ல, ஒண்ணுமில்ல. புடவையில இருந்தது ஆத்து மணலு. நாளைக்கு நாலு பேரு பாக்க விழுந்துடக் கூடாதேன்னு, நேத்தே ஒண்டியா அக்கரைக்கு நடந்து பாத்துட்டு வந்துட்டேன். பேரன ரெண்டு கையாலயும் தூக்கினேன்டி... ரெண்டு படி கனங்கூட இல்ல அவன்.