கெனாட் என்றால் முடியாது என்று நான் சொன்னேன்

தலைமை தாங்கச் சொன்னதும் தட்டாமல் வந்த ரத்தினவேல் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆங்கிலம் பழக வந்திருக்கும் அன்னையர்களே! தென்னூர் ஆங்கிலப் பேச்சு மன்றத்தின் செயலாளனாகிய ஸ்ரீரங்கம் சக்ரபாணியின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

அவையோரே! ஆங்கிலம் அருமையான மொழி. ஆனால் அது ஏன் நம்மை இப்படி அலைக்கழிக்கிறது? காதலில் விழுந்தவனை 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்கிறார்கள். குதிகாலுக்கு மேலே தலை. இங்கே அமர்ந்திருக்கும் நம் அனைவருக்கும் அப்படித்தானே இருக்கிறது? ஒரு வங்கியில், "ஐ ஆம் அஃப்ரெய்ட், கவுண்டர் இஸ் க்ளோஸ்ட்" என்றார் அதிகாரி. "பயப்படாதீங்கோ, நான் கூட இருக்கேன்" என்றேன். சிரிக்காதீர்கள், அவரும் சிரிக்கவில்லை.

நம் தமிழில் முடிவு கடைசியில் வரும். பொறுமையாகக் காத்திருந்தால் போதும். ஆங்கிலத்திலோ முதலில் ஒன்றைச் சொல்லி, நடுவில் திருப்பிவிடுகிறார்கள்!

மூன்றாம் வரிசையில் இருக்கும் ஜீனத் அம்மா நம் மன்ற உறுப்பினர். கணவருக்கு வளைகுடா வேலை போய்விட்டது. மண்ணச்சநல்லூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போய்வந்தார். அது கிடைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். தாளாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது. 'வீ கெனாட் பட் அப்பாயின்ட் யூ.'

என்னிடம் காட்டினார். முடியாது, ஆனால், நியமிக்கிறோம். மூன்று முறை படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செயலாளன் அல்லவா, அதை வெளியே சொல்ல முடியுமா? "கெனாட்னு தெளிவா போட்டிருக்கான்மா. கெடைக்கலை" என்றேன். அவர் அங்கேயே அழுதார். நான் ஆறுதல் வேறு சொன்னேன்.

நான்காம் நாள், சர்ட்டிபிகேட்டைத் திருப்பி வாங்கப் பள்ளிக்குப் போனார். தாளாளர் பதறிவிட்டார். "எங்கம்மா போனீங்க? உங்களை எடுக்காம எங்களால இருக்க முடியாதுன்னுதானே அனுப்பினேன்! சாயங்காலம் வேற ஆளைக் கூப்பிட இருந்தேன்!"

ஒரு மாலைப்பொழுது தாமதித்திருந்தால்? அவையோரே, புரியவில்லை என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? கேட்டிருந்தால் கிரீடம் கழன்றிருக்குமா? கௌரவம் குலைந்திருக்குமா? என் வீம்புக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைக்கப் பார்த்தேனே! ஜீனத் அம்மா, இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். அன்று எனக்குப் புரியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

என்னம்மா? எழுந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறார். "நோ ஹார்ட் ஃபீலிங்ஸ், சார்!"

ஹார்ட். கடினமா, இதயமா? எனக்கு இதயமே இல்லை என்கிறாரா? இருக்கலாம், நியாயம்தான்.

பெரியோர்களே, எனக்குப் புரியவில்லை. ஜீனத் அம்மா, தயவுசெய்து மேடைக்கு வந்து விளக்குங்கள். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்கிறேன். இதுவரை பொறுத்த செவிகளுக்கெல்லாம் நன்றி. வணக்கம்.