நீலப் பொத்தானை அமுக்கியவள் நான்

சின்னு, உன் விடயமாகத்தான் பொலிசுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சார்ஜன் ஐயா முதலில் என் விபரத்தைக் கேட்கிறார், அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனது பெயர் முத்துலிங்கம் சுப்பம்மா. வயது ஐம்பத்து நான்கு. விலாசம் ஹந்தானை தோட்டம், மேல் பிரிவு, ஏழாம் நம்பர் லயம். தேயிலைக் கொழுந்து எடுத்தேன், இப்போது முழங்கால் வலியால் வேலைக்குப் போவதில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கணவர் உயிரோடு இல்லை. சென்ற பௌர்ணமி போயா தினத்தன்று ஹந்தானை வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்த கஜேந்திரன், வயது இருபத்தேழு, என் ஒரே மகன். சின்னு என்று கூப்பிடுவது அவனைத்தான். அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்ல நானாகவே வந்தேன்.

மகன் கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்தான். ஆஸ்பத்திரிகளில் டொக்டரைப் பார்க்க ஆட்கள் போனில் நம்பர் எடுக்கிறார்களே, அந்த வேலை நடக்கிற கம்ப்யூட்டர்கள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவனுடைய வேலை. அவை சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தவை என்று சொன்னான். அங்கே ஏதாவது பிழை வந்தால் இவன் போன் ஆம்புலன்ஸ் மாதிரிக் கத்தும். நான் ஒரு நாள், "சிங்கப்பூர்ல இருக்கிற மெஷினுக்கு ஹந்தானையில நீ என்னத்துக்குடா முழிக்கிற? எனக்குக் காய்ச்சல் வந்தா இப்பிடி ஓடி வருவியா?" என்று கேட்டேன். "உங்களுக்கும் ஒரு அலாரம் கட்டி வுடுறேம்மா, மருந்து குடிக்கலன்னா கத்தும்" என்று சிரித்தான்.

போனைப் பார்த்துக்கொள்வது ஒரு வாரம் ஒருவருக்கு என்று முறை. தினேஸ் என்ற பையனுக்குத் தங்கச்சி கல்யாணம் என்பதால் அவனுடைய வாரத்தையும் மகனே வாங்கிக்கொண்டான். ஆகவே பதின்மூன்று நாள் அவன் சரியாகத் தூங்கவில்லை. குளிக்கப் போனால் தண்ணீர்ப் பீலியடியில் இருந்து, "அம்மா, அமுக்குங்க!" என்று சத்தம் போடுவான். நான் திரையில் வரும் நீலப் பொத்தானை அமுக்குவேன், சத்தம் நிற்கும், அவன் சோப்பு நுரையோடு ஓடி வருவான். சில நேரம் பார்த்துவிட்டு, "தானாவே சரியாயிருச்சும்மா" என்பான். அமுக்கினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அமுக்கினால் என்ன நடக்கும் என்று அவனிடம் கேட்டதில்லை.

போயா அன்று மத்தியானம் அவனுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டேன். நாலு வாய் சாப்பிட்டவன் கதிரையில் இருந்தபடியே தூங்கிப்போனான். கை கழுவவில்லை. நான் தட்டை மட்டும் எடுத்தேன். அதன் பிறகு இரண்டு மணி போல் போன் கத்தியது. அவன் அசையவில்லை. நான் நீலப் பொத்தானை அமுக்கினேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கத்தியது, மறுபடியும் அமுக்கினேன். போனைத் துடைத்து அவன் மடியிலேயே வைத்தேன். பிள்ளை தூங்கட்டும் என்று கதவை அடைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு அவனுக்கு மேலே வேலை செய்கிற சுகிர்தா என்ற பிள்ளை போன் எடுத்தது. அந்தச் சத்தத்தில் எழும்பினான். இரண்டு மணித்தியாலமாக எந்த ஆஸ்பத்திரியிலும் நம்பர் எடுக்க முடியவில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது. மகன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா, போன் கத்துச்சா?" என்று கேட்டான். "எனக்குக் கேக்கலயேடா" என்று சொன்னேன். இதுதான் நான் மறைத்தது.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதன் பிறகு போனில், "நாந்தான் அக்கா அமுக்கிட்டு அசந்துட்டேன்" என்றான். மழைக்குக் கரண்ட் இல்லாததால் வீட்டில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. டவுன் ஆபீசுக்குப் போகிறேன் என்று சாவியை எடுத்தான். "மழை வுடட்டும்டா" என்றேன். "வந்து சாப்புடுறேன், மூடி வைங்க" என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் இறங்கினான். இரண்டாவது வளைவில் சறுக்கி மதிலில் அடிபட்டான். வேறு வாகனம் எதுவும் மோதவில்லை, யார் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை. சோறு மறுநாளும் மூடியே இருந்தது.

எட்டாம் நாள் சுகிர்தா வீட்டுக்கு வந்து அழுதது. அந்தப் பொத்தான் எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். "அமுக்கினா, ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம் அம்மா. அமுக்காம வுட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல எனக்கு அடிச்சிருக்கும். நான் வீட்டுல சும்மாதான் இருந்தேன்" என்றது. நான் அதற்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு கம்பனி பொலிசுக்குக் கொடுத்திருக்கும் கடிதத்தைச் சார்ஜன் ஐயா வாசித்துக் காட்டினார். அதில், எச்சரிக்கையைத் தானே நிறுத்திவிட்டுக் கடமை நேரத்தில் உறங்கியவர் என்று மகனைப் பற்றி இருக்கிறது. அவன் உறங்கினான், அது சரி. நிறுத்தியது அவன் இல்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். அதற்கு என்ன தண்டனை என்றாலும் எனக்குச் சம்மதம்.

எழுதியதை ஐயா இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் கிடையாது என்று ஒப்புக்கொண்டு எனக்குத் தெரிந்த தமிழ்க் கையெழுத்தை வைக்கிறேன்.

மு. சுப்பம்மா

கையெழுத்துக்குக் கீழே இதையும் எழுதச் சொன்னேன். சின்னு, உன் விரலில் குழம்பு காய்ந்துபோய் இருந்தது, போனில் ஒரு கறை இல்லை. அதைப் பார்த்து அம்மாதான் என்று தெரிந்துதான் பழியை வாங்கிக்கொண்டாயா, இல்லை, என் பொய்யை நம்பி, தூக்கத்தில் நீயேதான் அமுக்கிவிட்டாய் என்று உன்னையே நொந்துகொண்டு போனாயா?