புளியங்கொத்துக் கல்

— தண்ணி வச்சி எவ்ளோ நேரமாச்சு, குடிக்கலையா சார்?

— வர்ற வழியிலதான் குடிச்சேம்மா. மெர்சி, பொறுமையா கேளு. நாளைக்குக் காலைல செமினார். ஜெர்மனியிலேர்ந்து பெரிய ஆள் வந்து இறங்கிட்டார். நீ கடைசியா குடுத்த, இலை பதிஞ்ச கல்லோட போட்டோவைப் பார்த்துட்டு, எடுத்த இடத்தைக் காட்டுங்கன்னு நிக்கிறார். எந்தக் கிணறும்மா?

— நான் உங்களாண்ட ஜியாலஜி படிச்சப்ப, எங்க ஊரு வந்து பாருங்கன்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன்! இன்னிக்கு பிள்ளைப்பாக்கம் காலனிக்குள்ளாறவே கார் வந்துகீது.

— பழைய கோபத்தை விடு.

— எப்டி வுடறது சார்? எங்கப்பா கிணறு வெட்டச் சொல்லோ கெடச்ச கல்லெல்லாம் மூட்டை கட்டி பஸ்ல தூக்கினு வந்தேன். இன்னா இலை, எந்தக் காலத்துதுன்னு வாத்தியாரு சொல்லுவாருன்னு. நீங்க கண்டுபுடிச்சதா புஸ்தகத்துல வந்திச்சு. கீழ பொடி எழுத்துல, 'உதவி: உள்ளூர்க் கூலியாள்'. அது எங்கப்பா. நான் அதுலயும் இல்ல.

— அது வழக்கம்மா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.

— எம்.எஸ்சி. சீட்டு கேட்டதுக்கு, 'உங்க ஊர்ப்பக்கம் கம்பெனி வருதாமே, அங்க சேந்துக்கோ'ன்னீங்களே, அதுவும் வழக்கமா?

— சரி, நாளைக்குப் பேசுறப்ப உன் பேரையும் சொல்றேன். போதுமா? பொறுமையா கேளு. இந்தப் பாறை அடுக்கு உருவான காலத்துல பூக்குற செடியே கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இருக்குன்னு காட்டப் போறேன். செடிக்கு எங்கப்பா பேரை வச்சு அச்சுக்கும் போயாச்சு.

— எங்கப்பா கூலியாளு, உங்கப்பா செடியா? நல்லாக்கீது. என் பேரு வேணாம் சார். முழுசா உங்களுதாவே இருக்கட்டும்.

— கிணறு எதுன்னு மட்டும் சொல்லிடும்மா.

— கிணறே இல்ல.

— இல்லன்னா?

— தெருமுனையில புளியமரம் தெரியுதா? அதுல ஒடிச்ச கொத்து. எங்கப்பா வெட்டிப் போட்ட வெள்ளைக் களிக்கல்லை இடிச்சு மாவாக்கி, பிசைஞ்சு, இலையை வச்சு அமுக்கி, நிழல்ல காய வச்சேன். மேல கொஞ்சம் செங்காவி தடவினேன்.

— மெர்சி, விளையாடாத.

— பசங்க அந்த மரத்து மேல கல்லு வுட்டுனுகீதுங்க பாருங்க. போய் சொல்லுங்க, அது எங்கப்பா, அடிக்காதீங்கடான்னு.

— படிச்ச பொண்ணு செய்யற காரியமா இது! அச்சுக்குப் போயாச்சு, நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி நிக்கணும் நான். துரோகம்மா இது, விஞ்ஞானத்துக்கே துரோகம்!

— நீங்க தப்பிக்க வழி வச்சிதான் குடுத்தேன். மொதல் வருசம், மொதல் கிளாஸ்ல இன்னா சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— 'கல்லைக் கண்ணால மட்டும் பாக்காத, நாக்குல வச்சுப் பாரு.' அரியலூர்க் கல்லு, திருச்சிக் கல்லு, எல்லாத்தியும் எங்க எதிர்லயே நக்கிக் காட்டினீங்க.

— ஆமா. எல்லாரும் செய்யறதுதான். அதுக்கென்ன இப்ப?

— நான் கொண்டாந்த கல்லை மட்டும் அட்டெண்டர் சுப்பனை வாங்கி வைக்கச் சொல்வீங்க. ஸ்கேலாலதான் பொரட்டுவீங்க. மே மாசம் குண்டு வெடிச்சதுலேர்ந்து பெரும்புதூர் ஸ்டாப்பிங்ல பையை அவுத்துப் பாக்குறாங்க. போலீஸ்காரன்கூட இந்தக் கல்லைக் கையில வாங்கி மோந்து பாத்தான் சார்.

— நான் அப்படியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லம்மா...

— தண்ணி அப்டியேகீது.

— தாகமில்லம்மா, அதான்.

— கல் உப்பை அள்ளிப் போட்டுத்தான் அந்தக் களியைப் பிசைஞ்சேன். ஒருவாட்டி நாக்குல வச்சிருந்தீங்கன்னா நான் அன்னிக்கே மாட்டினு இருப்பேன்.